அமாவாசையன்று மட்டும் அழுத பிள்ளை

1. மகன் பிறந்தான். எடை 2 கிலோ 840 கிராம். பிறந்தவுடன் நன்றாகவே அழுதான்.

2. மூன்றாம் நாள் 2640. எல்லாக் குழந்தைகளும் முதலில் கொஞ்சம் இறங்கும் என்றார்கள்.

3. நான்காம் நாள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து பகலில் அவன் அழவில்லை.

4. ஏழாம் நாள் அமாவாசை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அழுதான். அந்தப் பகலில் மட்டும் ஒன்பது முறை குடித்தான்.

5. எட்டாம் நாள் மறுபடியும் சத்தமில்லை.

6. பதினைந்தாம் நாள் 2680. பிறந்த எடையை இன்னும் தொடவில்லை.

7. இருபத்திரண்டாம் நாள் 2720. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

8. இருபத்தைந்தாம் நாள், அமாவாசை இல்லாத ஒரு நாளில், காலை பத்து மணிக்கு அவன் அலறினான்.

இந்த எட்டு வரிகளும் என் நோட்டிலிருந்து எடுத்தவை. ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பாகம் ஏன் பழுதாகிறது என்று தெரியாவிட்டால், முதலில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்வார்கள். யோசிப்பது அப்புறம்தான். பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. குடித்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், நனைத்த துணி எத்தனை, காலை எட்டு மணிக்கு எடை என்று கட்டம் போட்டு எழுதினேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. "குழந்தை கேக்கறப்போ எல்லாம் குடுமா. மணி பாக்காத. அழுவுற வரைக்கும் விடாத. வாய் சப்புக்கொட்டும், கைய வாயில வைக்கும், தலைய அப்படி இப்படி திருப்பும். அதான் அது கேக்குறது." எனக்கு அது பிடித்திருந்தது. தெளிவாக இருந்தது. குழந்தை கேட்கும், நான் கொடுப்பேன், அவ்வளவுதான். குழந்தை கேட்கவே கேட்காவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே கூடம். கூடத்தில் பாதி தறி. அப்பா தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொடுப்பார். தறிக்கு மேலே, சேலையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி. அதைத் தாங்கும் உத்தரம் ஒன்றுதான் அந்தக் கூடத்தில் பலமானது. அதனால் தூளியையும் அதன் மறுமுனையில்தான் கட்டினார்கள். ஊடிழையை நெருக்க அப்பா பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் உத்தரம் லேசாக அதிரும். தூளி ஒரு விரற்கடை போய் வரும். யாரும் கைவைக்கத் தேவையில்லை.

அதில் அவன் கிடப்பான். பாதி நேரம் தூங்குவான். மீதி நேரம் விழித்திருப்பான். விழித்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் அகலத் திறந்திருக்கும், சிமிட்டுவதே அபூர்வம். கையை வாயில் வைக்கமாட்டான். தலையைத் திருப்பமாட்டான். குனிந்து பார்த்தால் என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்ப்பான். நேரமாகிவிட்டதே என்று நானே தூக்கி மார்பில் போட்டால் உடனே கவ்விக்கொள்வான். தாடை அசையும். அரைமணி நேரம் விடாமல் அசையும். நோட்டில் 'வலது, 30 நிமிடம்' என்று எழுதுவேன். திரும்பத் தூளியில் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே பால் கட்டி ரவிக்கை நனையும். அவன் கேட்காவிட்டாலும் என் உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது.

இரவுகளில் எழுந்து குடித்தான். பகல் தூங்கும் குழந்தைகள் இரவில் அதிகம் குடிக்கும் என்று படித்திருந்ததால் அதையும் அப்படியே எழுதிவிட்டு விட்டேன்.

எதிர்வீட்டு அத்தை தினமும் வந்து பார்ப்பார். "இன்னாடி இது, பொம்மையாட்டம் கெடக்குது? எங்க வூட்டுல ஒண்ணு இருக்குது, ஊரக் கூட்டுது. உனக்கு வரம்டி."

"கண்ணு வைக்காத போ" என்று அம்மா தறியிலிருந்தே சொல்வார்.

பதினெட்டாம் நாள் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா எடை பார்க்க வீட்டுக்கு வந்தார். மகன் என் மடியில் இருந்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"காலித் தூளி ஆடுது. யாருமா ஆட்டுறது?"

"அது தானா ஆடும்" என்றார் அம்மா, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "தறி அதிர்ச்சி."

"அதுக்குன்னு காலியா விடாதீங்கமா. பச்சப்புள்ள இருக்குற வூடு. ஒரு துணியாவது போட்டு வைங்க."

எடை பார்த்தார், அட்டையில் எழுதினார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா உடனே எழுந்து அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நீளமாக மடித்துத் தூளிக்குள் வைத்தார். அதன் பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. மகன் என் மடியில் இருக்கும்போதே தூளியில் ஏதோ ஒன்று பாரமாகக் கிடந்து ஆடிக்கொண்டிருக்கும். அவன் அங்கேதான் தூங்குகிறான் என்று இரண்டு முறை நினைத்துவிட்டேன். அப்படியானால் என் மடியில் இருப்பது எது என்று ஒரு கணம் தோன்றி, குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு தாடையை அசைத்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் அமாவாசையன்று அவன் அழுத விஷயம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் நெசவாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. அப்பா அதை வைத்துத் தமாஷ் செய்வார். "ஊரே அமாவாசைக்கு லீவு உடுது. உன் புள்ள அன்னிக்கித்தான் வேலைக்கு வரான், பாரேன்."

எதிர்வீட்டு அத்தைக்கு அது தமாஷாகப் படவில்லை. "அமாவாசைக்கு மட்டும் அழுவுதுன்னா சும்மாவா? மத்த நாளு அதும் வாய யாரோ பொத்தி வெச்சிருக்குறாங்க. நா சொல்றேன் பாரு." அன்று மாலையே கறுப்புக் கயிறு வந்தது. அம்மா இடுப்பில் கட்டினார். நான் தடுக்கவில்லை. நோட்டில் 'கறுப்புக் கயிறு' என்று எழுதினேன். மறுநாள் எடையில் மாற்றமில்லை என்பதையும் எழுதினேன். பத்து நாளில் எடுத்த எடைகளைப் பார்த்தால், ஒரே எண்ணை யாரோ திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருந்தது. 2690. 2690. 2700. 2690.

இருபத்திரண்டாம் நாள் டாக்டர் மகனைப் புரட்டிப் பார்த்தார். நாக்கின் அடியைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், ரத்தம் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. தொடைத் தோலைக் கிள்ளிப் பிடித்தபோது அது மெதுவாகத்தான் திரும்பப் படிந்தது. "எவ்ளோ தடவ குடிக்கிறான்?" என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்த விதத்தில், கட்டங்கள் அழகாக இருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் நூற்றைம்பது கிராமாவது ஏறவேண்டும், இல்லையென்றால் சேர்த்து மூக்குவழிக் குழாயில் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

இருபத்தைந்தாம் நாள் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, தீர்ந்தது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து தறிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேலை பேச்சில்லாத வேலை. பத்து மணிக்கு மகன் அலறினான்.

அலறல் என்றால் அலறல்தான். முகம் கறுத்துச் சிவந்து, கால் இரண்டையும் உதைத்து. எடுத்துப் போட்டேன். குடித்தான். மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் வெளியே கேட்டது. அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் பகலில் நான் அபூர்வமாகத்தான் கேட்டிருந்தேன். இருபது நிமிடத்தில் அவனாகவே விட்டான். ஒரு மணி நேரத்தில் மறுபடி அலறினான்.

"அமாவாசைக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல இருக்குதே" என்றார் அம்மா.

மூன்றாவது முறை அலறும்போது என் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். அவர் ஊர் தென்னேரி. வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் சூப்பர்வைசர். மதியம் பன்னிரண்டரைக்கு, அவர் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவார். கத்தும் பிள்ளையைத் திரையில் காட்டினேன்.

"இன்னா இன்னிக்கி உங்க வூடு இவ்ளோ அமைதியா இருக்குது?" என்றார்.

"கிண்டலா? இவன் தொண்டை கிழியக் கத்திக்கினு இருக்கான்."

"அது இல்லமா. எப்பப் பண்ணாலும் பின்னாடி டக்கு டக்குனு அடிச்சிக்கினே இருக்குமே. நீ பேசுறதே பாதி புரியாது. இன்னிக்கி அது இல்ல."

நான் போனைக் கையில் பிடித்தபடி தறியைத் திரும்பிப் பார்த்தேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் அந்தத் தறிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சத்தத்தில் படித்தேன், அந்தச் சத்தத்தில் தூங்கினேன். எனக்கு அது சத்தமே இல்லை. அறையின் வெப்பத்தைக்கூட எழுதிவைத்த நோட்டில் தறி ஓடியதா நின்றதா என்று ஒரு கட்டம் இல்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை, எதிர்வீட்டு அத்தைக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவனாக எழுந்து குடித்த நேரங்களுக்கு மட்டும் வட்டம் போட்டேன். அமாவாசை. அப்பாவும் அம்மாவும் சாப்பிட எழுந்திருக்கும் மதியம் ஒன்றரை மணி. ஒரு நாள் கரண்டு போய், விளக்கில்லாமல் இழை தெரியவில்லை என்று அப்பா எழுந்த சாயங்காலம். தறி நிற்கும் ஏழு மணிக்குப் பிறகு எல்லாம். வட்டம் ஒன்றுகூட தறி ஓடும் நேரத்தில் விழவில்லை.

மறுநாள் புதுப் பாவில் நெசவு தொடங்கியது. ஒரு பரிசோதனை செய்யவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். வீட்டில் பட்டு நிறுக்கும் மின்தராசு இருக்கிறது. தினமும் அவனை அதில்தான் நிறுத்தேன். தாம்பாளத்தின் மேல் துணி விரித்து, அவற்றின் எடையைக் கழித்து, மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுத்தேன். பிறகு தறி ஓடும்போதே மார்பில் போட்டேன். இருபத்தைந்து நிமிடம். மறுபடி நிறுத்தேன். எட்டு கிராம்.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதான். இப்ப அப்படியே நெய்ங்க. நா சொல்றப்போ மெதுவா பண்ணுங்க."

மறுபடி போட்டேன். இந்த முறை அவன் தாடையை மட்டும் பார்த்தேன். பலகை அடிக்க, தாடை அசைந்தது. பலகை அடிக்க, தாடை அசைந்தது. தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. "மெதுவா" என்றேன். அப்பா நிதானித்தார். தாடையும் நிதானித்தது. அம்மா நாடாவைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்தார். அப்பா இன்னும் மெதுவாக அடித்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சுவிடும் அளவு இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் மகன் அசையாமல் இருந்தான், வாய் திறந்தபடி, அடுத்த அடிக்காகக் காத்திருப்பவன்போல. கண் திறந்திருந்தது. என் உடம்பில் வாய் வைத்திருக்கிறான், ஆனால் என்னிடம் இல்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

அப்பா நிறுத்தினார். தாடை நின்றது. உத்தரம் நின்றது. தூளி இரண்டு முறை போய் வந்து நின்றது. நாங்கள் நால்வரும் அப்படியே இருந்தோம். ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்கும் மேலே இருக்கலாம். கடிகாரம் பார்க்க மறந்துவிட்டேன். பிறகு அவன் முகம் கசங்கியது. தொலைவிலிருந்து வந்து சேர்ந்தவன்போல் என்னைப் பார்த்தான். அழுதான். அப்புறம் குடித்தான்.

தராசில் போட்டபோது ஐம்பத்து நான்கு கிராம் கூடியிருந்தது.

அப்பா குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தார். தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினார். "மொதல்ல பொறந்தது அழவே அழாதுபா. நாம நல்ல புள்ளன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து இரண்டு மாதத்தில் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியும். 'வளரல' என்ற ஒரு சொல்லைத் தவிர அதைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொன்னதில்லை. அது எதனால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நான் அதைச் சொன்னேன். "தெரியாதுமா. அதையும் இதையும் சேக்காத." அம்மா தலையாட்டினார். அப்பா எழுந்துபோய்த் தூளியை உத்தரத்திலிருந்து அவிழ்த்தார்.

அவர் அன்றே தறியை நிறுத்தத் தயாராக இருந்தார். ஆனால் தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணுக்கான சேலை. நாளைத் தள்ள முடியாது. உட்கார்ந்து ஒரு முறை வகுத்தோம். ஒன்றரை மணி நேரம் நெசவு. என் போனில் மணி அடித்ததும் நிறுத்தம். நான் மகனைத் துணி களைந்து, உள்ளங்காலைத் தேய்த்து, எழுப்பி, சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பேன். இடையில் அவன் தரையில் பாயில்தான் படுப்பான். நர்ஸ் பார்க்காதே என்று சொன்ன கடிகாரத்தை இப்போது நான் விடாமல் பார்த்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அப்பா நிறுத்திவிடுவார். "பசிக்கும்மா, தூக்கு" என்பார், அவன் கேட்காவிட்டாலும்.

முதல் நாள் முப்பது கிராம் ஏறியது. அடுத்த நாள் ஐம்பது. தராசு தவறு என்று நினைத்து ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை வைத்துச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் 2920. ஒரு வாரத்தில் இருநூறு. டாக்டரிடம் தறி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா தூங்கிவழியிற குழந்தைக்கு, அது கேக்குற வரைக்கும் காத்திருக்கறது சரிப்படாது. நீங்கதான் எழுப்பிக் குடுக்கணும். எடை நல்லா ஏறினப்புறம் அவன் இஷ்டத்துக்கு விடுங்க." சேர்க்க வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆட்டோக்காரர் "இன்னாமா, எதுனா ஆயிடுச்சா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆவலபா, ஒண்ணும் ஆவல" என்று இரண்டு முறை சொன்னார்.

மூன்றாம் மாதம் முடியாமல் பிள்ளையைத் தாய்வீட்டிலிருந்து அனுப்புகிற வழக்கம் எங்களில் இல்லை. அம்மாவே அதை மீறினார். முப்பத்தொன்றாம் நாள் எங்களைத் தென்னேரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஏரிக்கரைக்குக் கீழே வீடு. தறி கிடையாது. முதல் பகல் முழுவதும் மகன் அழுதான், குடித்தான், அழுதான். மாமியார் திகைத்துப்போய், "இன்னாமா இப்படி அழுவுது? பால் பத்தலயா?" என்று கேட்டார். "பத்துது அத்த, அழட்டும்" என்றேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். எனக்கோ அந்த அமைதியில் காது வலித்தது. கூடத்தில் ஏதோ குறைகிறது என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவனுக்கு நான்கு மாதம் ஒன்பது நாள். எடை 5 கிலோ 760. ஆறாம் வாரத்துக்குப் பிறகு எழுப்பிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கேட்கும்போது கொடுக்கிறேன், கேட்கிறான். பகலில் ஏழு, இரவில் இரண்டு. அம்மாவும் அப்பாவும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தறி ஓடும் நேரத்தில் நான் அவனை அந்த வீட்டுக்கு இதுவரை கொண்டுபோகவில்லை. என் விளக்கம் சரிதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, மறுபடி சோதித்துப் பார்க்கும் எண்ணமும் இல்லை. அடுத்த எடை வரும் புதன்கிழமை.